இஸ்தோப்புக்கு ஒரு பிளக்: லைட் லைனில் ஒட்டுவது தீர்வல்ல



சம்பளம், சேமலாப நிதி, காணி உரிமை என்று பெரிய விடயங்களுக்கு நடுவில், நாம் இந்த முறை எழுத வந்திருப்பது ஒரு பிளக் பொயின்டைப் பற்றி. நாலந்தாப் பக்கத்து லயங்களில் இஸ்தோப்புக்கோ பின்பக்கத்து முற்றத்துக்கோ இழுத்து வைத்திருக்கிற, லைட் லைனில் ஒட்டிய அந்த ஒரு பிளக்கைப் பற்றி. சிறிய விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் அது இருக்கக்கூடும்.

வெளியே பிளக் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அல்ல. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தோட்டத்து ஒப்பீசில் இந்தப் பேச்சை எடுத்த உடனே, “உள்ளேதான் ஒரு பிளக் இருக்கிறதே” என்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்புகிறோம். நாலந்தா நுவரெலியா அல்ல. மாசி, பங்குனி மாதங்களில் தகரத்துக்குக் கீழே பகலில் இருக்க முடியாது. பிள்ளை படிப்பது இஸ்தோப்பில். கிழவி படுத்திருப்பது இஸ்தோப்பில். துணி ஸ்திரி போடுவதும், சட்னிக்கு அரைப்பதும், போனுக்குச் சார்ஜ் போடுவதும் இஸ்தோப்பில். பீலியில் தண்ணீர் நின்றுவிட்டால் கிணற்றில் இருந்து ஏற்றுவதற்கு அரைக் குதிரை வலு மோட்டார் ஒன்று வேண்டும், அது நிச்சயமாகக் காம்பராவுக்குள் வைக்கிற சாமான் அல்ல. கொக்கோவும் மிளகும் தென்னையும் உள்ள எங்கள் பக்கத்தில் வாழ்க்கையின் பாதி கூரைக்கு வெளியேதான் நடக்கிறது. லயத்தைக் கட்டியவர்கள் அதை நினைக்கவில்லை. பிறகு கரண்ட் கொடுக்க வந்தவர்களும் நினைக்கவில்லை. ஒரு காம்பராவுக்கு ஒரு பல்பு, இஸ்தோப்பில் ஒரு பல்பு, வசதி இருந்தால் ஒரு பிளக். அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கில் இல்லாததை நம் ஆட்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நாம் லயம் லயமாகப் போய்ப் பார்த்ததில் மூன்று விதம் கண்டோம். ஒன்று, இஸ்தோப்பு பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் மாட்டுகிற இரண்டு ஓட்டைப் பிளக். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அதில் எர்த் கிடையாது. பல்புக்காகச் செய்த ஹோல்டர் அது, இரண்டு அம்பியருக்கு மேல் தாங்கச் சொன்னால் உருகும். இரண்டாவது, கூரைக்குள் ஓடும் லைட் வயரை நடுவில் சுரண்டி, இரண்டு வயரை முறுக்கி, டேப் சுற்றி, சுவரைத் துளைத்து வெளியே ஒரு பிளக் அடிப்பது. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். மூன்று ஓட்டையும் இருக்கும். ஆனால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பழைய லைட் லைனில் எர்த் வயர் ஓடுவதே இல்லை. வெறும் ஓட்டை.

மூன்றாவது விதம் மிக மோசமானது. சுவிட்ச் பெட்டியில் இருந்து எடுப்பது. சுவிட்சுக்கு வருவது லைவ், போவதும் லைவ். அங்கே நியூட்ரல் பெரும்பாலும் இருக்காது. “நியூட்ரல் இல்லையே, என்ன செய்வது” என்று கேட்டால், நாலு முழக் கம்பியை ஈர மண்ணில் அடித்து அதில் இருந்து நியூட்ரல் எடுக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிற கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவராவது உண்டு. பல்பு எரியும். ஆனால் அந்தக் கரண்ட் மண்ணுக்குள் போகிறது. கம்பியைச் சுற்றியுள்ள ஈர நிலம் முழுக்கக் கரண்ட். செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைக்கும் கட்டிப்போட்ட மாட்டுக்கும் அது தெரியாது.

இதில் இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று சதுரக் கால் உள்ள 13 அம்பியர் பிளக்கைத்தான் இப்போது நாட்டின் ஒரே தரமாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சொக்கட்டின் மேல் ஓட்டை எர்த்துக்கு. எர்த் கால் உள்ளே போனால்தான் கீழே உள்ள இரண்டு கதவும் திறக்கும். பிள்ளை விரலை, ஊசியை விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நாம் என்ன செய்கிறோம்? பேனா மூடியையோ ஈர்க்குச்சியையோ மேல் ஓட்டையில் குத்திக் கதவைத் திறந்து, இரண்டு கால் பிளக்கைச் சொருகுகிறோம். உள்ளே, உலர்ந்த சீமெந்துத் தரையில் நின்று செய்தால் பல நாள் தப்பிக்கலாம். மழைத் தூவானம் அடிக்கிற இஸ்தோப்பில் தப்புவது நிச்சயமில்லை.

“சின்னச் சாமான்தானே போடுகிறோம், போன் சார்ஜர்தானே” என்பார்கள். இங்கேதான் நம்மில் பலருக்குக் குழப்பம். லைட் லைனில் ஒட்டிய பிளக்கின் முதல் ஆபத்து பாரம் அல்ல, ஈரம்.

லைட் லைனுக்கு மெயின் சுவிட்ச் பெட்டியில் ஆறு அம்பியர் பிரேக்கர் ஒன்று இருக்கும். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதை ஆறால் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் இழுத்தால் பிரேக்கர் விழ வேண்டும், வயரைக் காப்பாற்றுவதற்காக. வயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. நனைந்த கையும் நனைந்த காலுமாக ஒருவர் லைவ் வயரைத் தொட்டால், உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் வழியாக ஓடுவது கால் அம்பியருக்கும் குறைவு. 0.23 அம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும். ஆறு அம்பியருக்குக் காத்திருக்கும் பிரேக்கருக்கு இது ஒரு கணக்கே இல்லை. அதன் கண்ணுக்கு, கரண்ட் பிடித்துத் துடிக்கிற மனிதர் பழைய 60 வாட் பல்பு ஒன்று எரிவது போலத்தான். அது விழாது. பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய் மெயினை அணைக்கும் வரை விழாது.

ஆளைக் காப்பாற்றுவது வேறு பொருள். நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்கிற ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் வெளியே ஒழுகினால், கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். எர்த் இல்லாத வீட்டில் ட்ரிப் சுவிட்ச் போட்டுப் பிரயோசனம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஆள் தொட்டு, ஆள் வழியாக ஒழுகினாலும் அது விழும். ஆனால் எர்த் இருந்தால், ஆள் தொடுவதற்கு முன்பே விழும். மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறிய அந்த நிமிடமே விழும். இரண்டும் வேண்டும் என்று நாம் கேட்பது அதற்காக.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் கிளைக்கு உட்பட்ட ஒரு தோட்டத்தில் நடந்தது இது. அங்கத்தவர் ஒருவரின் வீட்டில் இஸ்தோப்பு ஹோல்டரில் இருந்து பின்பக்கத்துக்கு ஒரு வயர் போகிறது. தகரக் கூரையின் ஓரத்தில் கிடந்து, காற்றுக்கு அசைந்து அசைந்து, தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுத்துவிட்டது. தகரத்தில் கரண்ட். தகரத்தைத் தாங்கும் இரும்புத் தூணில் கரண்ட். தூணில் கட்டியிருந்த உடுப்புக் காயப்போடும் கம்பியில் கரண்ட். வேலை முடிந்து வந்து, நனைந்த கொங்காணியைக் காயப்போட அந்தக் கம்பியைப் பிடித்தார் அந்த அம்மா. தூக்கி எறிந்ததால் தப்பினார். பிடித்து இழுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். தோளில் அடி, கையில் சூடு, பதினொரு நாள் வேலை இல்லை. அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தது. ஆனால் மழைக் காலத்தில் அடிக்கடி விழுகிறது, இரவில் இருட்டாகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்திருந்தார்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்ததற்குக் காரணம் அந்தத் தகரத்தின் விளிம்புதான். அது சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

நிர்வாகத்தின் பதில் ஒரு வரியில் வந்தது: அனுமதி இல்லாமல் வயர் இழுத்ததால் தோட்டம் பொறுப்பல்ல.

இந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் நாம் இதை எழுதுகிறோம். அதற்கு முன் பாரத்தைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறோம், ஏனென்றால் லயங்கள் எரிவது அதனால்.

லைட் லைனில் ஓடுவது ஒரு சதுர மில்லிமீற்றர் வயர். வயரிங் பாஸ்மார் 1/1.13 என்பார்கள். பிளக்குக்கு என்றால் இரண்டரைச் சதுர மில்லிமீற்றர், 7/0.67, அதற்குத் தனிப் பிரேக்கர். லைட் லைனில் ஒட்டிய பிளக்கில் முதல் மாதம் போன் சார்ஜர் மட்டும் போடுகிறோம். அடுத்த மாதம் ஸ்திரிக்கைப் பெட்டி, ஆயிரம் வாட். பிறகு விருந்தாளி வந்தபோது கேத்தல், இரண்டாயிரம் வாட் வரை. மோட்டார் என்றால் ஓடும்போது மூன்று அம்பியர்தான் எடுக்கும், ஆனால் எழும்பும்போது அதைப் போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். ஆறு அம்பியர் பிரேக்கர் விழுகிறது. லயத்துப் பல்பெல்லாம் அணைகிறது. கடைக்குப் போய் 16 அம்பியர், 20 அம்பியர் பிரேக்கர் வாங்கி மாட்டுகிறோம். இனி விழாது, சந்தோஷம். ஆனால் கூரைக்குள் ஓடுகிற வயர் அதே பழைய வயர். டேப் சுற்றிய முறுக்கு அதே முறுக்கு. சூடாவது அங்கேதான், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எலி கூடு கட்டிய பழைய மரச் சட்டங்களுக்கு நடுவில். பழைய லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவின் தீ இருபது நிமிடத்தில் பத்துக் காம்பராவின் தீ. அடுத்த நாள் பத்திரிகையில் “மின் ஒழுக்கு காரணம்” என்று ஒரு சொல். உடுத்த துணியோடு பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ போய் இருக்கிற குடும்பங்களுக்கு அரிசியும் பாயும் கொடுக்கிற படம். இதைப் படிக்கிற எவருக்கும் அந்தப் படம் புதிதல்ல.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எர்த் ஓடுகிற, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே இருக்கிற, நல்ல புது லைட் லைன் ஒன்றில், மழை படாத மூடி போட்ட பெட்டியோடு சார்ஜருக்கு மட்டும் ஒரு பிளக் எடுத்தால், அதனால் ஆள் சாகப் போவதில்லை என்று தெரிந்த எலெக்ட்ரீஷியன்மார் சொல்வார்கள். சரிதான். ஆனால் பிளக்கின் நெற்றியில் “சார்ஜருக்கு மட்டும்” என்று எழுதி வைத்தாலும் கேத்தலுக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தான் தனி லைன் என்கிறோம்.

230 வோல்ட்டோடு கதை முடிவதுமில்லை. தூணில் ஓடுவது மூன்று பேஸ். ஒரு பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230. ஆனால் ஒரு பேசுக்கும் இன்னொரு பேசுக்கும் இடையில் 400 வோல்ட். ஸ்டோரில் மெஷின் ஓடுவது அதில். பாரத்தைச் சமமாகப் பிரிப்பதற்காக, பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வெவ்வேறு பேசில் இருந்து கொடுத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்கு இந்த வீட்டு இஸ்தோப்பில் இருந்து ஒரு வயர், ஸ்பீக்கருக்கு அந்த வீட்டு இஸ்தோப்பில் இருந்து ஒரு வயர் இழுத்து, இரண்டையும் ஒரே மூங்கிலில் கட்டுகிறோம். தோல் போன இடத்தில் அந்த இரண்டு வயரும் தொட்டால் அது 400. கோயில் திருவிழாவுக்குப் பெரட்டுக் களத்து லைட் தூணில் இருந்து கொக்கி போட்டு எடுக்கிறபோது, பேஸ் எது நியூட்ரல் எது என்று தெரியாமல் இரண்டு பேசைப் பிடித்தால், தேர் அலங்காரம் முழுவதும் ஒரே நொடியில் போகும். ஆள் ஏணியில் இருந்தால் ஆளும் போகும். மீட்டருக்கு முன்னால் கொக்கி போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஏணியில் ஏற்றி விடுவது எப்போதும் நம் வீட்டு இளம் பிள்ளைகளைத்தான் என்பது இன்னொரு பக்கம்.

சவூதியில் வேலை செய்து வந்த நம் பெண்கள் கொண்டுவந்த பழைய கிரைண்டர், கேத்தல்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே பல காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் கொடுத்தார்கள். அடியில் 110 அல்லது 127 என்று மட்டும் எழுதியிருந்தால், நம் 230 அதற்கு இரண்டு மடங்கு. எந்தப் பிளக்கிலும் போடக்கூடாது. சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், அவை பரவாயில்லை.

பன்றிக்கு இழுக்கிற கம்பியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மாத்தளை மாவட்டத்தில் மரக்கறித் தோட்டமும் சோளச் சேனையும் உள்ள இடமெல்லாம் இது இருக்கிறது. வீட்டு லைட் லைனில் இருந்து ராத்திரிக்கு மட்டும் ஒரு வயரை வேலிக் கம்பிக்குக் கொடுத்துவிட்டுப் படுக்கிறார்கள். விடிய மறந்துபோகிறார்கள். அல்லது விடிவதற்கு முன்பே யாராவது வெளியே போகிறார்கள். நாட்டில் மின்சாரம் தாக்கி நடக்கும் சாவுகளில் இப்படிச் சட்டவிரோதமாக இழுத்த கம்பிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எச்சரித்து வருகிறது. பயிர் அழிவது வேதனைதான். பன்றியும் யானையும் தின்ற தோட்டத்துக்கு நட்டஈடு கேட்கச் சங்கம் கூட நிற்கும். லைட் லைனை வேலியில் கட்டியவருக்காக நாம் நிற்க மாட்டோம். இதில் எங்கள் கிளைக்கு இரண்டு கருத்து இல்லை.

இனி, அந்த ஒரு வரிப் பதிலுக்கு வருவோம். “அனுமதி இல்லாமல் வயர் இழுத்தீர்கள்.”

மீட்டர் வரைக்கும் மின்சார சபையின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் பாவனையாளரின் பொறுப்பு. சொந்த வீட்டுக்காரருக்கு இது சரியான சட்டம். ஆனால் லயத்தில் பாவனையாளர் யார்? கட்டடம் நம்முடையதல்ல. நிலம் நம்முடையதல்ல. புதிதாக லைன் எடுப்பதற்குத் தோட்டத்துச் சம்மதக் கடிதம் இல்லாமல் மின்சார சபை ஒப்பீசில் விண்ணப்பம் நகராது. அந்தக் கடிதத்துக்கு எத்தனை நாள் பேர் விட்டு ஒப்பீஸ் வாசலில் நின்றோம் என்று எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் ஒரு தட்டி கட்டினாலே யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று கடிதம் வருகிறது. ஆனால் சுவருக்குள் ஓடுகிற வயர் கருகினால் மட்டும், அது தொழிலாளியின் வயர். சில தோட்டங்களில் ஒரு லயத்துக்கே பொது மீட்டர். பில் தோட்டத்துக்கு, பிறகு சம்பளத்தில் கழிவு. அங்கேயும் விபத்து வந்தால் தொழிலாளியின் வயர் என்கிறார்கள். சுவர் யாருடையதோ, சுவருக்குள் ஓடும் வயரும் அவருடையது. இதுதான் எங்கள் நிலைப்பாடு. அதிலிருந்து இறங்கி வர மாட்டோம்.

இன்னொன்றையும் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும். மருந்து அடிக்கிற தெளிப்பான்கள் இப்போது பற்றரியில் ஓடுகின்றன. அந்தப் பற்றரியைச் சில இடங்களில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டு, காலையில் கொண்டுவரச் சொல்கிறார்கள். கொம்பனியின் தெளிப்பான், கொம்பனியின் வேலை, தொழிலாளியின் இஸ்தோப்பு, தொழிலாளியின் பில். அந்தப் பிளக்கில் அடிபட்டால் அது வேலையின் போது வந்த விபத்தா, இல்லையா? 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலில் இருந்து எழுந்து, தொழிலின் போக்கில் நடந்த காயத்துக்கு நட்டஈடு உண்டு என்கிறது. இதுவும் அதற்குள் அடங்கும் என்று நாம் வாதாடுவோம். ஆனால் வழக்காடி வெல்வதற்கு முன், அந்தப் பற்றரியை ஸ்டோரில் அல்லது மடுவத்தில், ஒழுங்கான பிளக்கில் சார்ஜ் போட வைப்பது ஒரு நாள் வேலை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னால் மறுத்துவிட்டுத் தலைவரிடம் சொல்லுங்கள். மறுத்ததற்காகப் பேர் வெட்டினால் அது எங்கள் வேலை.

நம் சங்கத்துக்குள்ளேயே சிலர் கேட்டார்கள், காணியும் வீடும் கேட்கிற நேரத்தில் பிளக் கேட்பது லயத்திலேயே காலம் தள்ளச் சம்மதிப்பது போல் ஆகாதா என்று. கேள்வி நியாயம். தனி வீடு கிடைக்கும் வரை இருப்பது லயத்தில்தான். அடுத்த ஐப்பசி மழை அதற்கு முன்னால் வரும். காணிப் பத்திரத்துக்காகக் காத்திருக்கிற வீட்டில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். பக்கத்தில் நாலந்தா கெடிகே இருக்கிறது. போவத்தென்ன நீர்த்தேக்கத் தண்ணீர் மூடிவிடக் கூடாது என்று அந்தக் கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள். நல்ல காரியம். அதே தண்ணீரில்தான் 1981 இல் இருந்து 40 மெகாவாட் போவத்தென்ன மின்நிலையம் ஓடுகிறது. பொல்கொல்லையில் திருப்பிய மகாவலி, உக்குவளையில் ஒருமுறை மின்சாரம் கொடுத்துவிட்டு இங்கே வந்து இன்னொரு முறை கொடுக்கிறது. இரண்டு மின்நிலையத்துக்கு நடுவில் குடியிருக்கிறவர்கள், மழை படாத ஒரு பிளக் கேட்பதைப் பெரிய கோரிக்கை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு காம்பராவுக்கும் மெயின் பெட்டியில் இருந்து வெளிப் பிளக்குக்கு என்று தனி லைன். தனிப் பிரேக்கர். 7/0.67 வயர், எர்த்தோடு, பி.வி.சி. குழாய்க்குள். வேலை செய்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். மூடி உள்ள, தண்ணீர் புகாத பெட்டி, பீலிக்குப் பக்கத்தில் அல்லாமல், இறவாணத்துக்கு உட்புறம், சின்னப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில். லயத்துக்கு லயம் எர்த் கம்பி அடித்து அளந்து பார்க்க வேண்டும், அடித்துவிட்டுப் போனால் போதாது. வேலையைச் செய்பவர் தேசியத் தொழில் தகைமை பெற்ற எலெக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும். தோட்டப் பிள்ளைகளில் அந்தப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள், கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் செய்விக்கலாம். செலவு நிர்வாகத்தினுடையது. சம்மதக் கடிதத்துக்கு வாசலில் நிற்கிற முறை இதற்கு வேண்டாம், தோட்டமே மொத்தமாக எழுதிக் கொடுக்கட்டும்.

அது வரும் வரை என்ன செய்வது? ஹோல்டரில் மாட்டுகிற பிளக்கை இன்றே கழற்றி எறியுங்கள். மண்ணில் அடித்த கம்பியில் இருந்து நியூட்ரல் எடுத்திருந்தால், மெயினை அணைத்துவிட்டு அந்த வயரை அறுத்து எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்தவரைக் கொண்டு. ட்ரிப் சுவிட்சில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், டி என்று எழுதியிருக்கும். மாதச் சம்பளம் எடுக்கிற நாளில் அதை ஒருமுறை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது, மறுபடி ஏற்றிவிடலாம். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய படம் மட்டும்தான். மழை பெய்யும்போது விழுந்துகொண்டே இருந்தால், அதைத் தாண்டி வயர் கொடுக்காதீர்கள், எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். தகரத்தின் மேல், உடுப்புக் கம்பியின் மேல், முள்வேலியின் மேல் எந்த வயரும் கிடக்கக் கூடாது. யாராவது கரண்ட் பிடித்துக்கொண்டால் ஆளைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு தலைவரும் மாதர் அணித் தலைவியும் சேர்ந்து தங்கள் லயங்களைக் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை காம்பரா, எத்தனையில் வெளியே பிளக் இருக்கிறது, அது எங்கிருந்து எடுத்தது, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா, மீட்டர் யார் பேரில். யார் இழுத்தது என்று எழுத வேண்டாம், அது நமக்குத் தேவையில்லை. பெயர் இல்லாத கணக்குத்தான் நிர்வாகத்திடம் போகும். பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். தாள்களைக் கிளை ஒப்பீசில் இருந்து பெற்றுக்கொள்ளலாம்.